தொப்பையா, தொடையா: கொழுப்பு தங்கும் இடம் பற்றி ஒரு வரலாறு

"ஆளு ஒல்லியாத்தானே இருக்காரு, அவருக்கு எப்படிங்க சுகர்?" கல்யாண வீட்டுப் பந்தியிலோ, ஆபீஸில் வருடாந்திர ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் வந்த வாரத்திலோ இந்தக் கேள்வி எப்படியும் ஒரு தடவை காதில் விழும். இதற்கு நேர் எதிரான ஒருவரும் எல்லாச் சொந்தத்திலும் இருப்பார். நல்ல கனத்த சரீரம், எழுபது தாண்டியாகிவிட்டது, சுகரும் இல்லை பிரஷரும் இல்லை. "அது அவங்க உடம்பு வாகு" என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவோம்.

அந்த "உடம்பு வாகு" என்பதற்குள் என்ன இருக்கிறது? மருத்துவம் அதைப் பிரித்துப் பார்க்க ஏறக்குறைய எழுபது வருடம் ஆனது. கிடைத்த பதிலைச் சுருக்கமாகச் சொன்னால்: உடம்பில் எவ்வளவு கொழுப்பு என்பதைவிட, அது எங்கே போய்த் தங்குகிறது என்பது முக்கியம். எங்கே தங்க வேண்டும் என்பதில் பெரிய பங்கு, பிறக்கும்போதே நாம் கொண்டுவரும் ஜீன்களுக்கு. இந்தப் பதிலை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற கதை, பதிலைவிட சுவாரசியமானது. நான் டாக்டர் இல்லை, இன்ஜினியர். ஆனால் தவறான மெட்ரிக்கை வைத்துக்கொண்டு சிஸ்டம் நன்றாக ஓடுகிறது என்று நம்பும் கதைகள் என் தொழிலிலும் நிறைய உண்டு. அதனால்தான் இந்த வரலாறு என்னைப் பிடித்துக்கொண்டது.

ஒரு எண், அதன் எல்லை

பிஎம்ஐ என்ற எண் இன்று எல்லா ரிப்போர்ட்டிலும் இருக்கிறது. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தின் மீட்டர் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. இதன் அடிப்படைக் கணக்கைப் போட்டவர் மருத்துவர் அல்ல. அடோல்ஃப் கெட்லே என்ற பெல்ஜிய நாட்டு வானியலாளர், புள்ளியியலாளர். 1830களில் "சராசரி மனிதன்" எப்படி இருப்பான் என்று தேடிக்கொண்டிருந்தவர், வளர்ந்த மனிதர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது என்று கவனித்தார். நோய் அவருடைய கேள்வியே இல்லை. 1972இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸும் அவருடைய குழுவினரும்தான் இதற்கு பாடி மாஸ் இண்டெக்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.

மக்கள் கூட்டத்தை அளக்க இது வசதியான எண். ஆனால் ஒரு தனி ஆளின் உடம்பில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு, அந்தக் கொழுப்பு தொடையிலா, தொப்பையிலா, ஈரலிலா என்று கேட்டால் இதனிடம் பதில் கிடையாது. எடைத் தராசுக்கு மேலே ஏறி நிற்கும் உடம்பு முழுவதும் அதற்கு ஒரே மூட்டைதான்.

மார்சேய் டாக்டரின் கண்

இந்த மூட்டையைப் பிரித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ஜான் வாக். தெற்கு பிரான்ஸில் மார்சேய் நகரத்து மருத்துவர். 1947இல் ஒரு கட்டுரை எழுதினார். பருமனில் இரண்டு வகை உண்டு என்றார். கழுத்து, தோள், வயிறு என்று உடம்பின் மேல்பாதியில் சேர்வது ஒன்று, ஆண்களிடம் அதிகம். பிட்டம், தொடை என்று கீழ்ப்பாதியில் சேர்வது இன்னொன்று, பெண்களிடம் அதிகம். கையிலும் தொடையிலும் உள்ள கொழுப்பையும் தசையையும் ஒப்பிட்டு அதற்கு ஒரு விகிதமும் போட்டுப் பார்த்தார். பிறகு அவர் சொன்னதுதான் விஷயம்: சர்க்கரை நோய், ரத்தக்குழாய் அடைப்பு, கவுட் என்கிற மூட்டுவாதம் இவையெல்லாம் முதல் வகையோடு சேர்ந்துதான் வருகின்றன.

1956இல் இதையே ஆங்கிலத்திலும் எழுதினார். ஆனாலும் பெரிதாக எடுபடவில்லை. எடை என்ற ஒற்றை எண்ணே எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

வாக் சொன்னதற்கு வலுவான ஆதாரம் வர 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்வீடனின் யோத்தபோரி நகரத்தில், 1913இல் பிறந்த 792 ஆண்களை அவர்களுடைய 54ஆவது வயதில் அளந்து வைத்து, 13 வருடம் தொடர்ந்து கவனித்திருந்தார்கள். யாருக்கு மாரடைப்பு, யாருக்கு பக்கவாதம் என்று பார்த்தபோது, பிஎம்ஐயால் அதை முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. தோல் மடிப்பின் தடிமனாலும் முடியவில்லை. வயிற்றின் சுற்றளவைத் தனியாக எடுத்தாலும் சரிவரவில்லை. வயிற்றின் சுற்றளவை பிட்டத்தின் சுற்றளவால் வகுத்த விகிதம் மட்டும் நோயோடு பொருந்தியது. பத்து ரூபாய் தையல்கடை டேப் சொன்னதை எடை மெஷின் சொல்லவில்லை.

சரி, இது பரம்பரையா?

வெள்ளரிக்காய் மாதிரி ஒருத்தர், பூசணிக்காய் மாதிரி ஒருத்தர் என்று குடும்பம் குடும்பமாக உடல்வாகு ஒத்துப்போவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆனால் ஒரே குடும்பத்தில் ஜீனும் ஒன்று, அடுப்படியும் ஒன்று. எது காரணம் என்று எப்படிப் பிரிப்பது?

1986இல் ஆல்பர்ட் ஸ்டங்கர்ட் என்ற அமெரிக்க மருத்துவர் டென்மார்க் போனார். அங்கே தத்து கொடுக்கப்பட்ட குழந்தைகள் பற்றிய முழுமையான அரசுப் பதிவேடு இருந்தது. அதிலிருந்து 540 பேரை எடுத்துப் பார்த்தார். வளர்ந்த பிறகு அவர்களுடைய பருமன், பெற்றவர்களின் பருமனோடு ஒத்துப்போனது. சோறு போட்டு வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை.

இது மொத்த எடை பற்றியது. கொழுப்பு எங்கே தங்குகிறது என்ற கேள்விக்கு, கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தில் க்ளோட் பூஷார் செய்த சோதனையைத்தான் பார்க்க வேண்டும். இப்போது படித்தாலும் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை. ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்கள் 12 ஜோடி, அத்தனை பேரும் இளைஞர்கள். தினமும் தேவைக்கு மேல் 1000 கலோரி, வாரத்துக்கு ஆறு நாள். 100 நாளில் மொத்தம் 84 நாள் இப்படிச் சாப்பிட வைத்தார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு அதிகப்படி சாப்பாடு.

சராசரியாக 8.1 கிலோ கூடினார்கள். ஆனால் ஒருவருக்கு 4.3 கிலோதான் கூடியது, இன்னொருவருக்கு 13.3 கிலோ. இரட்டையர்கள் மட்டும் ஏறக்குறைய சேர்ந்தே கூடினார்கள். அதைவிட முக்கியம், வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு. அதில் ஜோடிக்கு ஜோடி இருந்த வித்தியாசம், ஒரு ஜோடிக்குள் இருந்த வித்தியாசத்தைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு. அண்ணனுக்குத் தொப்பை போட்டால் தம்பிக்கும் தொப்பை. அண்ணனுக்கு உடம்பெல்லாம் பரவினால் தம்பிக்கும் அப்படியே. 1990இல் இது வெளியானது. சாப்பாடு எவ்வளவு என்பதை ஆய்வாளர்கள் தீர்மானித்தார்கள். அது எங்கே போக வேண்டும் என்பதை ஜீன்கள் தீர்மானித்தன.

கொழுப்பே இல்லாதவர்கள் சொல்லிக்கொடுத்த பாடம்

கதையின் பெரிய திருப்பம், குண்டானவர்களிடமிருந்து வரவில்லை.

1974இல் கிளாஸ்கோ மருத்துவர் டன்னிகன், சில ஸ்காட்லாந்துக் குடும்பங்களைப் பற்றி எழுதினார். குழந்தைகள் சாதாரணமாகப் பிறக்கிறார்கள். பூப்பெய்தும் வயதில் கை, கால்களில் உள்ள கொழுப்பு கரைந்து போகிறது. தசையும் நரம்பும் தெரிய, உடற்பயிற்சி வீரர்கள் போன்ற கை கால்கள். முகத்திலும் கழுத்திலும் மட்டும் கொழுப்பு. பார்த்தால் ஆரோக்கியத்தின் உருவம் மாதிரி இருப்பார்கள். ஆனால் சர்க்கரை நோய் கடுமையாக வரும், ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு எகிறும், ஈரலில் கொழுப்பு படியும். தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்கு ஐம்பது சதவீத வாய்ப்பு. இதற்குக் காரணமான ஜீன், எல்எம்என்ஏ, 2000இல் பிடிபட்டது. உயிரணுவின் கருவைச் சுற்றியுள்ள சுவருக்குச் சட்டம் போடும் புரதத்தை உருவாக்கும் ஜீன் அது. அதில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் போதும்.

கொழுப்பு கெடுதல் என்றால், கொழுப்பு குறைவாக உள்ள இவர்களுக்கு ஏன் குண்டானவர்களின் நோய்கள் எல்லாம் வருகின்றன?

அதே 2000ஆம் ஆண்டு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஒரு சோதனை நடந்தது. ஜீனை மாற்றி, கொழுப்புத் திசுவே இல்லாத எலிகளை உருவாக்கியிருந்தார்கள். அவற்றுக்கும் கடுமையான சர்க்கரை நோய். அந்த எலிகளின் தோலுக்கடியில், நல்ல எலியிலிருந்து எடுத்த கொழுப்பை வைத்துத் தைத்தார்கள். சர்க்கரை இறங்கியது. கொழுப்பை எடுத்தல்ல, கொழுப்பைக் கொடுத்துச் சர்க்கரையைக் குறைத்தார்கள்!

இதைப் புரிந்துகொள்ள நம் ஊர் குதிர் போதும். அறுவடை நெல் வீட்டுக்கு வருகிறது. பெரிய குதிர் உள்ள வீட்டில் எவ்வளவு வந்தாலும் உள்ளே போய் அடங்கிவிடும். சின்னக் குதிர் உள்ள வீட்டில் சீக்கிரம் நிறைந்து, மிச்சம் கூடத்தில், அடுப்படியில், நடக்கும் வழியில் எல்லாம் கொட்டிக் கிடக்கும். வீட்டில் ஒரு வேலையும் ஓடாது. தோலுக்கடியில், குறிப்பாகத் தொடையிலும் பிட்டத்திலும் உள்ள கொழுப்புத் திசுதான் நம் குதிர். அது நிறைந்தபின் வழிவது குடலைச் சுற்றியும், ஈரலுக்குள்ளும், கணையத்துக்குள்ளும், தசைக்குள்ளும் போகிறது. கொழுப்பேறிய ஈரல் இன்சுலின் சொல்வதைக் கேட்காமல் சர்க்கரையை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். கணையம் மேலும் மேலும் இன்சுலின் சுரந்து ஒரு கட்டத்தில் களைத்துப்போகும்.

நமக்குத் தெரிந்த ஒரு மாத்திரையே இதற்குச் சாட்சி. பயோகிளிட்டசோன் சாப்பிடும் பலருக்கு எடை கூடுகிறது, ஆனால் சுகர் குறைகிறது. அது பிபார் காமா என்ற புரதத்தைத் தூண்டி, தோலுக்கடியில் புதிய கொழுப்பு அணுக்களை உருவாக்குகிறது. அதாவது குதிரைப் பெரிதாக்குகிறது. அந்தப் புரதத்தின் ஜீனே பழுதாகிப் பிறந்தவர்களுக்கு கடுமையான சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் வருவதை 1999இல் பார்த்தார்கள்.

இரண்டு பட்டியல்கள்

இதெல்லாம் அபூர்வமான நோய்கள். சாதாரண ஜனங்களுக்கு?

2007இல் எஃப்டிஓ என்ற ஜீன் பிரபலமானது. அதன் ஒரு வடிவத்தை இரண்டு பிரதியாகப் பெற்றவர்கள், அது இல்லாதவர்களைவிட சராசரியாக 3 கிலோ அதிகம். பத்திரிகைகள் "குண்டு ஜீன்" என்று எழுதித் தள்ளின. பிறகு லட்சக்கணக்கான பேரின் ஜீன்களை ஒப்பிடும் காலம் வந்தது. 2015 பிப்ரவரியில், நேச்சர் பத்திரிகையின் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று பிஎம்ஐயோடு தொடர்புள்ள 97 ஜீன் இடங்களைப் பட்டியலிட்டது. மற்றது, பிஎம்ஐயின் தாக்கத்தைக் கழித்துவிட்டு, வயிறு-பிட்ட விகிதத்தோடு தொடர்புள்ள 49 இடங்களைப் பட்டியலிட்டது.

முதல் பட்டியல் பெரும்பாலும் மூளையைக் காட்டியது: பசி, திருப்தி, எப்போது போதும் என்று தோன்றுகிறது. இரண்டாவது பட்டியல் கொழுப்புத் திசுவையும் இன்சுலினையும் காட்டியது. எவ்வளவு நெல் வரும் என்பதற்கு ஒரு கணக்கு, குதிர் எவ்வளவு பெரிது என்பதற்கு வேறொரு கணக்கு. அந்த 49இல் 20 இடங்கள் ஆணிலும் பெண்ணிலும் வேறு வேறு அளவில் வேலை செய்தன; அவற்றில் 19 பெண்களிடம் வலுவாக இருந்தன. 1947இல் வாக் கண்ணால் பார்த்துச் சொன்னதற்கு ஜீனிலிருந்தே கையெழுத்து கிடைத்த மாதிரி.

2011இல் இன்னொரு விசித்திரம் வந்தது. ஐஆர்எஸ்1 என்ற ஜீனுக்குப் பக்கத்தில் ஒரு வடிவம், உடம்பில் கொழுப்பைக் குறைக்கிறது. நல்ல ஜீன் என்றுதானே நினைப்போம்? அந்த வடிவம் உள்ளவர்களுக்கு சர்க்கரை நோயும் இதயநோயும் அதிகம். தோலுக்கடியில் சேர்க்கும் திறன்தான் குறைந்திருக்கிறது. 2017இல் கேம்பிரிட்ஜ் குழு இப்படிப்பட்ட 53 இடங்களை ஒன்றாக அடுக்கியது. பந்தியில் கேட்ட கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது: ஒல்லியாக இருப்பவருக்குச் சின்னக் குதிராக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே. மேலே சொன்ன 97 இடங்களையும் கூட்டினாலும், மனிதர்களுக்கிடையே பிஎம்ஐயில் உள்ள வேறுபாட்டில் 2.7 சதவீதத்தைத்தான் விளக்க முடிந்தது. எச்சில் அனுப்பினால் உங்கள் எடை ஜீனைச் சொல்கிறோம் என்று வரும் விளம்பரங்களை இந்த எண்ணோடு சேர்த்துப் படியுங்கள்.

சிக்கன ஜீனும் சமோவாவும்

இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த கதை "சிக்கன ஜீன்". மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் நீல் 1962இல் முன்வைத்தது. பஞ்சகாலத்தில் கிடைத்ததைச் சேர்த்துவைக்கும் ஜீன் உயிரைக் காத்தது, பஞ்சம் போனபின் அதே ஜீன் சர்க்கரை நோயாக மாறியது என்பது அவர் கருத்து. கேட்க அழகாக இருக்கும், அதனால்தான் இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நீலே பின்னாளில் இதைத் திருத்திக்கொண்டார்.

2016இல் பசிபிக் தீவான சமோவாவிலிருந்து ஒரு முடிவு வந்தது. 3072 பேரிடம் செய்த ஆய்வில், சிஆர்இபிஆர்எஃப் என்ற ஜீனின் ஒரு வடிவம் அங்கே மிகச் சாதாரணமாக இருப்பது தெரிந்தது. ஒவ்வொரு பிரதிக்கும் பிஎம்ஐ ஏறக்குறைய 1.4 கூடுகிறது. சோதனைக்கூடத்தில் பார்த்தால், அது உள்ள அணுக்கள் கொழுப்பைச் சேர்த்து, செலவைக் குறைக்கின்றன. அசல் சிக்கன ஜீன்! ஆனால் அது உள்ளவர்களுக்கு சர்க்கரை நோய் வாய்ப்பு கூடவில்லை, குறைந்திருந்தது. நீல் சொன்ன கதையின் முதல் பாதி சரியாக வந்து, இரண்டாம் பாதி தலைகீழானது. கொழுப்பைச் சேர்க்கும் திறனைச் சாபம் என்று மட்டும் இனிச் சொல்ல முடியாது.

நம் பக்கம்

இந்தக் கணக்கில் நாம் எங்கே நிற்கிறோம்? 1991இல் லண்டனில் மக்கீகும் சக ஆய்வாளர்களும் தெற்காசிய வம்சாவளியினரையும் ஐரோப்பியர்களையும் ஒப்பிட்டார்கள். சர்க்கரை நோய் நம்மவர்களில் 19 சதவீதம், ஐரோப்பியர்களில் 4 சதவீதம். அதே பிஎம்ஐக்கு நம்மவர்களுக்கு வயிற்றுப் பகுதியில் கொழுப்பு அதிகம்.

2004இல் லான்செட் பத்திரிகையில் ஒரு பக்கக் குறிப்பு வந்தது. புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனின் ஜான் யூட்கின், இரண்டு மருத்துவர்கள் அருகருகே நிற்கும் படம். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. ஸ்கேனில் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பிஎம்ஐ ஒன்று, உடம்பு இரண்டு. அந்த வருடமே உலக சுகாதார நிறுவன நிபுணர் குழு, ஆசியர்களுக்கு 25 வரை காத்திருக்காமல் 23லேயே கவனிக்கத் தொடங்கலாம் என்றது. அடுத்த வருடம் சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பு, தெற்காசியர்களுக்கு வயிற்றுச் சுற்றளவின் எல்லையை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்று வைத்தது.

இது முழுக்க ஜீனா என்றால், அவசரப்படக் கூடாது. யாஜ்னிக்கின் குழு புனே அருகிலுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டது. நம் குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, அவர்கள் 3.5 கிலோ. தசையும் வயிற்று உறுப்புகளும் சிறுத்திருந்தன, ஆனால் முதுகுத் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. பிறக்கும்போதே "ஒல்லி-குண்டு". கருவில் கிடைத்த ஊட்டமும் இதில் சேர்ந்திருக்கிறது என்பது 1992இல் ஹேல்ஸும் பார்க்கரும் சொன்ன வழி. அம்மாவிடமிருந்து வருவது ஜீன் மட்டுமல்ல, அவர் சாப்பிட்டதும் சாப்பிடாததும்கூட.

அப்போ விதியா?

"எங்க பரம்பரையே இப்படித்தான், என்ன பண்றது" என்று விட்டுவிடுபவர்கள் நிறைய. அவர்களுக்காகவே இரண்டு ஆய்வுகள்.

முதலாவது நம் சென்னையில் நடந்தது. டாக்டர் ராமச்சந்திரன் தலைமையில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர். 2006இல் முடிவு வந்தது. ஒன்றும் செய்யாமல் விட்ட குழுவில் மூன்றே வருடத்தில் 55 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடை, சாப்பாட்டு மாற்றம் இரண்டையும் கடைப்பிடித்த குழுவில் 39.3 சதவீதம். கவனியுங்கள், இந்தக் குழுவில் எடை பெரிதாகக் குறையவே இல்லை. தராசு அசையாமலேயே உள்ளே ஏதோ மாறியிருக்கிறது.

இரண்டாவது, இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லரின் குழு 2023இல் வெளியிட்டது. பிஎம்ஐ 27க்குள் உள்ள, அதாவது குண்டு என்று சொல்ல முடியாத 20 சர்க்கரை நோயாளிகள். மருத்துவக் கண்காணிப்பில் உடல் எடையில் பத்து சதவீதத்தை ஒட்டிக் குறைத்தார்கள். 14 பேருக்கு மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை நோய் விலகி நின்றது. ஈரலிலும் கணையத்திலும் இருந்த கொழுப்பு இறங்கியிருந்தது. டெய்லர் இதை ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப்பட்ட கொழுப்பு எல்லை என்கிறார். உங்கள் எல்லை பக்கத்து வீட்டுக்காரரின் எல்லை இல்லை. எண்பது கிலோவில் அவர் சுகமாக இருக்கலாம், அறுபத்தைந்திலேயே உங்களுடையது வழியலாம்.

குதிரின் அளவு நாம் தேர்ந்தெடுத்ததல்ல. அதனால் குண்டாக இருப்பவரைப் பார்த்துச் சிரிப்பதற்கும் நியாயமில்லை, ஒல்லியாக இருப்பவர் நிம்மதியாகத் தூங்குவதற்கும் நியாயமில்லை. உள்ளே வரும் நெல்லின் அளவிலும், தினமும் குத்தி எடுக்கும் அளவிலும் மட்டும்தான் நம் கை இருக்கிறது. அப்பா அம்மாவில் ஒருவருக்கு சுகர் இருந்து, நீங்களும் முப்பது தாண்டியிருந்தால், அடுத்த முறை தராசில் ஏறுவதற்கு முன் ஒரு டேப்பை எடுத்துத் தொப்புளுக்குச் சற்று மேலே சுற்றிப் பாருங்கள். வயிற்றை உள்ளே இழுக்காமல்!